மி

திஸா ஆற்றங்கரையில், செர்பியாவின் வட கோடியில்
எங்கள் சிற்றூரின் நகரசபை.
கூட்டம் தொடங்குமுன் ஃபெமா சபதோஷ்
கண்ணாடிக் கூண்டுக்குள் நுழைந்து
இருக்கிற இருமலையெல்லாம் இருமித் தீர்க்கிறாள்.
மொழிபெயர்ப்பது அவள் பிழைப்பு.
அதற்கு ஒரே ஒரு விதி:
பேசுகிறவர் 'நான்' என்றால் அவளும் 'நான்'.
'அவர் சொல்கிறார்' என்று
ஓரடி தள்ளி நிற்கக் கூடாது.

ஆகவே காலை பத்து மணியிலிருந்து
அவள் சூரியகாந்தி வியாபாரி,
சாக்கடை மூடி கேட்டு
மூன்றாம் முறை மனுப் போட்ட விதவை,
கொசு மருந்து அடித்தால் தேனீ சாகும் என்று
மேசையைத் தட்டும் ஹங்கேரியர்.
(மேசையை மட்டும் அவள் தட்டுவதில்லை.)

ஏழாவது பொருள், ருசின் மொழி வகுப்பு.
மூன்று பிள்ளைகள். ஓர் ஆசிரியை.
ஓர் அடுப்பு, அது தின்னும் விறகு.

ரதிவோய் எழுந்தார்.
"நான் யாரையும் வெறுப்பவன் அல்ல" என்றார்.
அப்படிப் புறப்படும் வண்டி
எந்த ஊருக்குப் போகும் என்று
சபைக்குத் தெரியும்.
"மூன்று பேருக்கு நடத்துவது வகுப்பல்ல,
பிடிவாதம். நான் மூடச் சொல்கிறேன்."

அந்த அடுப்பருகே
ஈரக் கையுறை காயப் போட்டு
எழுத்துக் கூட்டியவள் ஃபெமா.
"நான் மூடச் சொல்கிறேன்" என்றாள்
ருசின் மொழியில், குரல் பிசகாமல்.

ஒரே ஒருவர் அதைக் கேட்டார், சிலவெஸ்தெர் பபூகா.
செர்பிய மொழி அவருக்குத் தண்ணீர்பட்ட பாடு.
ஆனாலும் காதுக்கருவியைக் கழற்ற மாட்டார்.
உபயோகிக்காத உரிமை
துருப்பிடிக்கும் என்பார்.

இனி வரும் சிக்கல் ஃபெமாவுடையதல்ல,
இந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்து
பார்வையாளர் பெஞ்சில் உட்கார்ந்து
தமிழில் குறிப்பெடுக்கும் என்னுடையது.

செர்பியருக்கு 'மி'.
ஹங்கேரியருக்கும் 'மி'.
ஸ்லோவாக்கியருக்கு, ருசின்காரருக்கு, அதே 'மி'.
மொழிபெயர்க்கத் தேவையே இல்லாமல்
கண்ணாடி வழியே அப்படியே நுழையும் சொல்.
என் தாளில் விழும்போது அது இரண்டாய்ப் பிளக்கிறது:
கேட்பவரையும் சேர்த்தால் நாம்,
வாசலில் நிறுத்தினால் நாங்கள்.

"மி கட்டும் வரி" என்றார் ரதிவோய்.
நம் வரியா? எங்கள் வரியா?
பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி
அவர் முகத்தைப் பார்த்தேன்.
அவரும் அதுவரை யோசித்ததில்லை.
பபூகா எழுந்து
"மி இங்கே இருநூறு ஆண்டுகளாய்" என்றார்.
அதிலும் மை சொட்டிற்று.

இந்தப் பக்கம் எட்டுக் கை. அந்தப் பக்கம் எட்டு.
தலைவர் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து
கடைசியில் ஒத்திவைத்தார்.
விறகு மார்ச் வரைக்கும்.
யாருக்கும் திருப்தியில்லை.
நடவடிக்கைக் குறிப்பு நாலு மொழியில் அச்சாகும்,
அந்தத் திருப்தியின்மையும் சேர்ந்து.

வெளியே பனி.
பேருந்து நிறுத்தக் கொட்டகைக்குள்
ரதிவோய், ஃபெமா, நான்.
அவர் சிகரெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்து,
"ருசின் மொழியில் நான்...
ரொம்பக் கடுமையாகவா தெரிந்தேன்?
கொஞ்சம் தணித்திருக்கலாமே நீ."
"தணித்திருந்தால்
அது நீங்கள் இல்லையே" என்றாள்.
அவருக்கு அது வசவா பாராட்டா தெரியாமல்
தீக்குச்சி இரண்டு வீணாயிற்று.

பேருந்து வரவில்லை.
"மி இங்கேயே உறைந்து சாகப் போகிறோம்"
என்றார் காலை உதறி.
அன்று முதல் முறையாக
நான் தயங்காமல் எழுதினேன்: நாம்.

மார்ச் வரும். அவர் கை
அதே பக்கம்தான் எழும்.
அன்றும் கூண்டுக்குள் உட்கார்ந்து
ஃபெமா சொல்வாள், 'நான்' என்று,
தொண்டையைச் செருமிக்கொண்டு.